பல்லைக் கழற்றுமுன் சொண்டையும் பாருங்கள், டொக்டர்

திருகோணமலை மாவட்டத்தில் பணியாற்றும் அரச, தனியார் பல் மருத்துவர்களுக்கும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என் வாய் தெரியும், முகம் நினைவிருக்காது. உவர்மலையில் இருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நாடி, நாளம், மயிர்த்துளைக் குழாய் என்று கரும்பலகையில் படம் கீறிக் கீறியே சிவப்புச் சோக்கையும் நீலச் சோக்கையும் தேய்த்துத் தீர்த்தவள். அப்படிப்பட்ட நான், என் அம்மாவின் சொண்டில் இருந்த சிவப்புப் புள்ளிகளை நாற்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தும் ஒன்றும் விளங்காமல் இருந்தேன். ஆகவே இந்த மடலில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் இல்லை. ஏற்றுவதென்றால் முதலில் ஏறவேண்டியவள் நான்தான்.

எங்கள் வீட்டில் மூக்கால் இரத்தம் வருவதை யாரும் ஒரு வருத்தமாகவே எண்ணியதில்லை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அம்மம்மாவுக்கு வரும், அம்மாவுக்கு வரும், அண்ணாவுக்கு வரும், பிறகு எனக்கும் வரும். "சூட்டு உடம்பு" என்று ஊரில் சொல்வார்கள். இளநீர், தலைக்கு நல்லெண்ணெய், மூக்குக்குள் ஒரு பொட்டுத் தேங்காயெண்ணெய், அவ்வளவுதான் வைத்தியம். (மூக்கின் உட்புறத்தை ஈரமாக வைத்திருப்பதுதான் முதற்படி என்று இன்றைய மருத்துவ வழிகாட்டல்களும் சொல்கின்றன. எண்ணெய்க்குப் பதிலாக உப்புக் கரைசல். அம்மம்மா பாதித் தூரம் சரியாகத்தான் போயிருக்கிறார்.) அம்மா தலையணை உறை வாங்கினால் கடும் நிறத்தில்தான் வாங்குவார். அது அவருடைய ரசனை என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

2014-இல் அண்ணாவுக்கு 38 வயது. கீழ்க் கொடுப்புப் பல் ஒன்று சூத்தையாகி வீங்கி, கழற்றப் போனார். எங்கே என்று எழுதப் போவதில்லை. பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, மருந்து ஏதும் ஒவ்வாதா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். உண்மையும் அதுதான். மூக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பல்லுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

அன்றிரவு முழுக்க இரத்தம் நிற்கவில்லை. திரும்பப் போய்ப் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் இரத்தப் பரிசோதனை. குருதிச் சிறுதட்டு சரி, உறையும் நேரம் சரி. "இரத்தத்தில் ஒரு பிழையும் இல்லை" என்று துண்டு கிடைத்தது. நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

மூன்றாவது கிழமை தலையிடி தொடங்கியது. பிறகு காய்ச்சல். ஒரு விடியற்காலை வலிப்பு வந்து, வலது கை சோர்ந்துவிட்டது. ஸ்கானில் மூளையின் இடப்பக்கத்தில் சீழ்க்கட்டி. அம்புலன்ஸில் கொழும்புக்கு 260 கிலோமீற்றர். மண்டையில் துளையிட்டுச் சீழ் எடுத்து, ஆறு கிழமை ஊசி மருந்து ஏற்றினார்கள். காதைப் பார்த்தார்கள், சைனஸைப் பார்த்தார்கள், சீழ் எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. அண்ணா உயிரோடு திரும்பி வந்தார். இன்றைக்கும் அவருடைய சட்டைப் பொத்தானை அண்ணிதான் பூட்டிவிடுகிறார்.

காரணம் தெரிந்தது மூன்று வருடம் கழித்து, வேறொரு பல் கதிரையில். அம்மாவுக்குக் கட்டுப்பல் செய்ய அளவெடுக்கப் போயிருந்தோம். புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் பிள்ளை ஒருவர். அளவுத் தட்டைக் கையில் எடுத்தவர் அதைத் திரும்ப வைத்துவிட்டு, "அம்மா, சொண்டில இந்தச் சிவப்புப் புள்ளி எவ்வளவு காலமா இருக்கு?" என்று கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். நுனியில் ஐந்தாறு, அண்ணத்தில் இரண்டு. ஒரு சிறு கண்ணாடித் துண்டால் அழுத்தினார், புள்ளி வெளிறியது. எடுத்தார், திரும்பச் சிவந்தது. மூக்கால் இரத்தம் வருமா என்றார். பிள்ளைகளுக்கும் வருமா என்றார். நான் பக்கத்தில் நின்று என் விரல் நுனியைப் பார்த்தேன், அங்கேயும் இரண்டு புள்ளி. சோக்குப் பிடித்துப் பிடித்து வந்த காயம் என்று நினைத்திருந்தவை.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ஒளிந்திருந்த நோய்க்கு அன்றுதான் பெயர் தெரிந்தது: ஹெரெடிட்டரி ஹெமரேஜிக் டெலான்ஜியெக்டேசியா. சுருக்கமாக எச்.எச்.ரி. பழைய புத்தகங்களில் ஒஸ்லர்-வெபர்-ரெண்டு நோய் என்று இருக்கும். 1896-இல் பிரான்சில் ரெண்டு, 1901-இல் அமெரிக்காவில் ஒஸ்லர், 1907-இல் லண்டனில் வெபர் என்று மூன்று பேர் தனித்தனியே எழுதிய நோய். அந்த முதல் ஆள் ரெண்டு சொன்னதே, இது இரத்தம் உறையாத ஹீமோபிலியா அல்ல, வேறு என்பதுதான். நூறு வருடத்துக்கு மேலாகியும் எங்கள் அண்ணாவின் கையில் "இரத்தத்தில் பிழையில்லை" என்ற துண்டு கொடுக்கப்பட்டது. துண்டு பொய் சொல்லவில்லை. தண்ணீரில் பிழையில்லை, குழாயில்தான் பிழை.

நீங்கள் படித்ததை உங்களுக்கே படிப்பிக்க வரவில்லை. ஆனாலும் ஆசிரியை, கை சும்மா இருக்காது. நாடிக்கும் நாளத்துக்கும் நடுவில் இருக்கவேண்டிய மயிர்த்துளைக் குழாய் வலை இந்த நோயில் சில இடங்களில் இல்லாமல் போகிறது. அழுத்தம் கூடிய நாடி இரத்தம் மெல்லிய சுவருள்ள நாளத்துக்குள் நேரே பாய்கிறது. சின்ன அளவில் நடந்தால் அது உதட்டிலும் நாக்கிலும் மூக்குக்குள்ளும் விரல் நுனியிலும் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி. பெரிய அளவில் நுரையீரலிலோ மூளையிலோ ஈரலிலோ நடந்தால், அது வெளியே தெரியாத முடிச்சு. எண்டோக்ளின், ஏ.எல்.கே.1 என்ற புரதங்களுக்கான மரபணுக்களில் ஒன்று பழுதாவதுதான் பெரும்பாலான குடும்பங்களில் காரணம்.

தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் சொந்தக்காரர் சிலர் உடனே "மச்சானைக் கட்டினதாலதான்" என்று தொடங்கிவிட்டார்கள். இதற்கும் சொந்தத்துக்குள் கலியாணம் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை. என் அப்பா மட்டக்களப்புக்காரர், அம்மாவுக்குத் தூரத்து உறவுகூட இல்லை.

அண்ணாவின் மூளைக்குச் சீழ் போன வழி நுரையீரல். உடம்பைச் சுற்றி வரும் இரத்தத்தில் சேரும் கிருமியையும் சின்ன இரத்தக் கட்டிகளையும் நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்கள் தேத்தண்ணி வடி போலப் பிடித்துக்கொள்கின்றன. நுரையீரலில் நான் சொன்ன அந்த முடிச்சு இருந்தால் வடியில் ஓட்டை. பல் கழற்றும்போது வாய்க் கிருமிகள் இரத்தத்தில் சேர்வது எல்லாருக்கும் நடப்பதுதான். மற்றவர்களுக்கு அது வடியில் தங்கிவிடும். அண்ணாவுக்கு அது நேரே இதயத்தின் இடப்பக்கம் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறியிருக்க முடியும். பிறகு எடுத்த ஸ்கானில் அவருடைய வலது நுரையீரலின் அடியில் அப்படி ஒரு முடிச்சு இருந்தது.

அந்தப் பல்லால்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். பல் துலக்கும்போதும் கிருமி இரத்தத்துக்குப் போகும், சூத்தைப் பல்லிலிருந்து தானாகவும் போகும். கழற்றாமல் விட்டிருந்தாலும் வந்திருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அன்று அண்ணாவின் சொண்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், கழற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் நான்கு கிருமிகொல்லிக் குளிசை கொடுத்திருப்பார்கள். வேறொன்றும் தேவைப்பட்டிருக்காது.

அந்த நான்கு குளிசை உங்களுக்குப் புதிதல்ல. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு நீங்கள் கொடுப்பதேதான்: பெரியவர்களுக்கு அமொக்சிசிலின் 2 கிராம், சிகிச்சைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன். எச்.எச்.ரி. உள்ளவரிடம் நுரையீரலில் முடிச்சு இருக்கிறது என்று தெரிந்தாலும், இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்றாலும், முரசில் இரத்தம் வரக்கூடிய எந்த வேலைக்கும் முன் இது வேண்டும் என்பதுதான் சர்வதேச வழிகாட்டல். அந்த முடிச்சைக் குழாய் வழியாக அடைத்த பிறகும் தொடர வேண்டும், சின்ன ஓட்டைகள் மிஞ்சியிருக்கலாம் என்பதால். "இதய வருத்தம் இருக்கா?" என்று நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று உண்மையாகவே பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்.

நான் ஏன் வேறு டொக்டர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்? மூக்கில் இரத்தம் என்று ஓபிடிக்குப் போனால் மூக்கைப் பார்க்கிறார்கள். களைப்பு என்று போனால் இரும்புக் குளிசை தருகிறார்கள். அம்மா பதினைந்து வருடம் இரும்புக் குளிசை குடித்தார். வாயைத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில், உதட்டை மடித்து, நாக்கைத் தூக்கி ஆறுதலாகப் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். இந்த நோய் தன் கையெழுத்தைப் போடுவதும் அங்கேதான்.

நம் ஊரில் அந்தக் கையெழுத்தை வாசிப்பதில் சில சிக்கல் உண்டு. வெள்ளைக்காரரின் படங்களில் புள்ளி பளிச்சென்று தெரியும், நம் கறுத்த உதட்டில் தெரியாது. உதட்டின் உள்பக்கம், நாக்கு நுனி, அண்ணம், விரல் நுனி என்று பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வெற்றிலை. மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வரும் எங்கள் கிழவிமாரின் வாயில் எது வெற்றிலைச் சிவப்பு, எது புள்ளி என்று யாருக்குத் தெரியும்? அம்மம்மா கடைசிவரை வெற்றிலை போட்டவர். அவரது நாக்கில் என்ன இருந்தது என்று இனித் தெரியவும் போவதில்லை. நன்றாகக் கொப்பளிக்க வைத்துப் பாருங்கள். அழுத்தினால் வெளிறும், விட்டால் சிவக்கும். வெற்றிலைக் கறை வெளிறாது.

இன்னொன்று, புள்ளி பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்காது. மூக்கிலிருந்து இரத்தம் பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கிவிடும், புள்ளிகள் பலருக்கு இருபது முப்பது வயதளவில்தான் மெல்ல வரும். அதனால் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களே, நீங்கள் பிள்ளையின் வாயில் மட்டும் தேடிப் பயனில்லை. பிள்ளையைக் கூட்டி வந்த தாயின் சொண்டைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையில் காய்ந்த இரத்தப் பொட்டோடு வரும் பிள்ளையிடம், வீட்டில் வேறு யாருக்கும் மூக்கால் இரத்தம் வருமா என்று கேளுங்கள். என் வகுப்பிலேயே அப்படிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தலையை அண்ணாந்து பிடி என்று பிழையான புத்தி சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். முன்னுக்குக் குனிந்து மூக்கைப் பிடிக்க வேண்டும் என்பதை விஞ்ஞான ஆசிரியை நாற்பது வயது தாண்டித்தான் படித்தேன்.

நோயை உறுதிப்படுத்த 2000-ஆம் ஆண்டிலிருந்து குராசாவோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி தானாக வரும் மூக்கு இரத்தம், உரிய இடங்களில் புள்ளிகள், உள்ளுறுப்பில் முடிச்சு, தாய் தகப்பன், சகோதரம் அல்லது பிள்ளைக்கு இந்த நோய். நான்கில் மூன்று இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். இந்த நான்கில் மூன்றை உங்கள் கதிரையில் இருந்தபடியே, ஒரு மெஷினும் இல்லாமல், பார்த்தும் கேட்டும் அறியலாம். நான்காவதற்கு எங்களைப் பொது வைத்திய நிபுணரிடம் துண்டு எழுதி அனுப்பினால் போதும். குலுக்கிய உப்புக் கரைசலை நாளத்தில் ஏற்றி, எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்து, குமிழி இதயத்தின் இடப்பக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிய ஒட்சிசன் மானி உங்கள் மேசையில் கிடந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் அது ஒரு தடயம். சரியாகக் காட்டினால் மட்டும் தப்பிவிட்டோம் என்று நினைக்கக்கூடாது.

உலக அளவில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கும் என்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நம் மாவட்டத்தின் சனத்தொகை 3 இலட்சத்து 80 ஆயிரத்தை நெருங்கியிருந்தது. வகுத்துப் பார்த்தால் 75 பேர் அளவில் வரும். இது வெறும் கணக்குத்தான், யாரும் எண்ணிப் பார்த்த தொகை அல்ல. ஆனால் எங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால், மிச்சப் பேர் கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ சம்பூரிலோ கடும் நிறத் தலையணை உறையோடு இருக்கிறார்கள்.

இனிச் சொல்வது கொஞ்சம் கோபத்தோடு. நோயின் பெயர் தெரிந்த பிறகு நாங்கள் எல்லா இடத்திலும் அதை முதலிலேயே சொன்னோம். பலன் என்ன தெரியுமா? ஒரு இடத்தில் அம்மாவின் பல்லில் கைவைக்கவே மறுத்தார்கள். இன்னொரு இடத்தில் "இதுக்கெல்லாம் கண்டி, கொழும்புதான்" என்றார்கள். முன்பு தெரியாமல் செய்தார்கள், இப்போது தெரிந்ததால் செய்யவில்லை. எட்டு மாதம் அலைந்ததில் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு பல் வேரோடு போயிற்று. வாய் பழுதாகக் கிடந்தால் கிருமி கூடும், கிருமி கூடினால் எங்களுக்குத்தான் மூளையில் ஆபத்து. பயந்து திருப்பி அனுப்புவது எங்களைக் காப்பாற்றுவது ஆகாது, டொக்டர். பல் சுத்தம் செய்வதை மற்றவர்களைவிட எங்களுக்குத்தான் தவறாமல் செய்ய வேண்டும்.

எங்களுக்குத் தேவை கொஞ்சம் மென்மையான கை. உறிஞ்சு குழாயை நாக்கிலும் கன்னத்திலும் ஒட்டவிடாதீர்கள், புள்ளி உடையும். உடைந்தாலும் விரலால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கழற்றிய குழிக்குத் தையலும், இரத்தத்தை நிறுத்த உதவும் ட்ரனெக்ஸாமிக் அசிட்டில் நனைத்த துணியும் போதுமானதாக இருக்கும். நோவுக்கு டைக்ளோபெனாக், அஸ்பிரின் தராமல் பனடோல் தாருங்கள். கதிரையை முற்றாகச் சரிக்கும்போது மூக்கால் இரத்தம் வந்தால் எழுப்பி முன்னுக்குக் குனிய விடுங்கள். சொண்டில் உள்ள புள்ளியைப் பார்த்துச் சுட்டுவிடலாமா, வெட்டிப் பரிசோதிக்கலாமா என்று மட்டும் நினைக்காதீர்கள். அது தானும் தன் பாடுமாக இருக்கட்டும்.

அந்த இளம் டொக்டர் பிள்ளைக்கு அடுத்த வருடமே இடமாற்றம் வந்துவிட்டது. பெட்டியோடு அவருக்குத் தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டது. அவர் இருந்த இடத்துக்கு நான் திரும்பப் போனபோது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறேன். நான் கேட்பது ஒரு புதிய பிரிவோ மெஷினோ அல்ல. நோயாளர் அட்டையில் பிரஷர், சுகர், இதய வருத்தம், ஒவ்வாமை என்று ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. அதன் கீழே ஒரு வரி: "மூக்கால் அடிக்கடி இரத்தம் வருமா? வீட்டில் வேறு யாருக்கும்?" அட்டை புதிதாக அச்சடிக்க நாள் எடுக்கும் என்றால், ஒரு றப்பர் முத்திரை. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம் மனம் வைத்தால் ஒரு சுற்றறிக்கை, உங்கள் பயிற்சிக் கூட்டமொன்றில் அரை மணித்தியாலம். முத்திரைக்கான செலவை நான் தருகிறேன், சும்மா சொல்லவில்லை. பயிற்சியில் காட்டப் படம் வேண்டுமென்றால் அம்மாவின் நாக்கைப் படம் எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் கேட்டுவிட்டேன். "என்ர நாக்கைப் பார்க்க இவ்வளவு பேரா?" என்று சிரித்தார்.

என் மகனுக்குப் பதினொரு வயது. இந்த ஆனியில் அவனுக்கும் மூக்கால் இரத்தம் வந்தது. கடைசிப் பால் பல் ஒன்று விழாமல் ஆடிக்கொண்டு நிற்கிறது, அடுத்த மாதம் கழற்றக் கூட்டி வருவேன். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் நோயின் பெயரும், எக்கோ இன்னும் எடுக்கவில்லை என்பதும், அமொக்சிசிலின் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கும், அவனுடைய நிறை 31 கிலோ என்பதும் எழுதி வைத்திருக்கிறேன். கொப்பியை மேசையில் திறந்தபடிதான் வைப்பேன்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை